கண் இமையில் திரும்பத் திரும்ப வரும் கட்டி: வயிற்றுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

செம்மண்சாலை | திங்கள், இரவு 10:42

வணக்கம். நான் இங்கே படித்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிற ரகம். இன்றைக்கு எழுத வேண்டியதாகிவிட்டது.

எங்களுக்கு மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். நாங்கள் தோட்டத்தை விட்டுத் தாமான் (குடியிருப்பு) வீட்டுக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. அத்தை (அப்பாவின் தங்கை, வயது 52) மட்டும் இன்னும் தோட்டத்து லயத்தில்தான். போன தீபாவளிக்கு முந்தி அவர் இடது கண்ணின் மேல் இமையில் உளுந்து அளவுக்கு ஒரு கட்டி வந்தது. வலி இல்லை. கண்கட்டி என்று நாமக்கட்டி உரசிப் போட்டோம். பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா), "யார் குளிக்கிறதை எட்டிப் பார்த்தே?" என்று கேலி செய்தார். கெத்தும்பிட், அதாவது கண்கட்டி, வந்தால் அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நாங்களும் சிரித்தோம்.

தைப்பூசத்துக்கு முந்தி ஒரு கிளினிக்கில் கீறி எடுத்தார்கள். இரண்டு மாதத்தில் அதே இடத்தில் மறுபடி வந்தது. மறுபடி கீறினார்கள். இரண்டு தடவையும் எடுத்ததைப் பஞ்சோடு சுருட்டிக் குப்பையில் போட்டார்கள். மூன்றாவது தடவை வந்தபோதுதான் நான் கிட்ட உட்கார்ந்து பார்த்தேன். இமையோரம் பழைய வெண்ணெய் மாதிரி மஞ்சளாகத் தடித்திருந்தது. அந்த இடத்தில் மட்டும் முடி இல்லை. மற்ற இடத்தில் வரிசையாக இருக்கிறது, நடுவில் பல் விழுந்த சீப்பு மாதிரி ஒரு இடைவெளி.

ஈப்போவுக்குக் கூட்டிப் போனேன். கண் நிபுணர் இமையைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஒரு துண்டு எடுத்து லேபுக்கு அனுப்பினார். போன வியாழன் முடிவு வந்தது. செபேசியஸ் கார்சினோமா. இமையில் உள்ள எண்ணெய்ச் சுரப்பியில் புற்று.

அதைவிட அவர் அடுத்துக் கேட்டதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. "உங்கள் குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய், கர்ப்பப்பைப் புற்றுநோய் வந்திருக்கிறதா?" என்று மலாயில் கேட்டார். அத்தை சாவகாசமாக, "எங்க வீட்டுல எல்லாரும் வயித்துலதான் போவாங்க டாக்டர்" என்றார். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

என் அப்பா பெருங்குடல் புற்றுநோயில் இறந்தபோது வயது 46. எனக்கு இப்போது 38. கண்ணுக்கும் குடலுக்கும் என்ன சம்பந்தம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பால்வாளி | திங்கள், இரவு 11:15

அக்கா, சும்மா பயந்து சாகாதீங்க. கண்ணுல கட்டி வந்தா வயித்துல கேன்சர்னா எங்க தோட்டத்துல பாதிப் பேரு இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கணும். எனக்கே வருஷத்துக்கு ரெண்டு தடவ வருது. நான் செம்பனைக் குலை வெட்டுறவன், அண்ணாந்து பாத்தே பொழப்பு ஓடுது, தூசி கண்ணுல விழத்தான் செய்யும். இந்த மாதிரி பீதியைக் கிளப்பிவிட்டுத்தான் பெரிய பெரிய ஆஸ்பத்திரில ஆயிரம் ரெண்டாயிரம் வெள்ளி (ரிங்கிட்)ன்னு தீட்டுறானுங்க. அத்தைக்குக் கண்ணுல வந்துச்சு, கண்ணைப் பாத்தா போதும். குடலை ஏன் நோண்டணும்?

பழைய டிரெஸ்ஸர் | செவ்வாய், காலை 6:20

தம்பி பால்வாளி, நீ சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிதான் ஆபத்து.

முப்பத்தொரு வருஷம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவன் நான். இமையில் வரும் கட்டியில் மூன்று வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது நாம் சொல்லும் கண்கட்டி. சிவந்து, வலித்து, சீழ் கட்டி, ஒரு வாரத்தில் உடைந்துவிடும். இமைமுடியின் வேரில் கிருமி புகுவதால் வருவது. இரண்டாவது கலேசியன். இது வலிக்காது. இமைக்குள் எண்ணெய்ச் சுரப்பி அடைத்துக்கொண்டு உருண்டையாக நிற்கும், வாரக்கணக்கில் இருக்கும், வெந்நீர் ஒத்தடத்தில் பெரும்பாலும் கரையும். மூன்றாவது, இந்த இரண்டு வேஷத்தையும் போட்டுக்கொண்டு வருவது. அத்தைக்கு வந்தது அதுதான்.

அந்தச் சுரப்பிக்கு மைபோமியன் சுரப்பி என்று பெயர். 1666இல் அதை விவரமாக எழுதிய ஹைன்ரிஷ் மைபோம் என்ற ஜெர்மானியரின் பெயர். மேல் இமையில் 25 முதல் 40 வரை, கீழ் இமையில் கொஞ்சம் குறைவாக, இமைத் தட்டுக்குள் வேலிக்கம்பி மாதிரி நட்டு வைத்திருக்கும். கண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடாமல் மேலே எண்ணெய் பூசுவது அவற்றின் வேலை. மேல் இமையில் அதிகம் இருப்பதால் இந்தப் புற்றும் மேல் இமையில்தான் அதிகம் வரும். வெள்ளைக்காரர்களிடம் இது அபூர்வம். இந்தியாவிலும் சீனாவிலும் இமைப் புற்றுகளில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் நம் ஆட்களுக்கு வந்தால் "இதெல்லாம் அபூர்வம், இருக்காது" என்று தள்ளிவிட முடியாது.

சந்தேகப்பட வேண்டிய அடையாளம் எதுவென்று கேட்டால், அந்த அம்மா தன்னையறியாமல் எல்லாவற்றையும் எழுதிவிட்டார். அதே இடத்தில் திரும்ப வருவது, முடி உதிர்வது, மஞ்சள் தடிப்பு. இன்னொன்றும் உண்டு: ஒரு கண் மட்டும் மாதக்கணக்கில் சிவந்து, எந்தச் சொட்டு மருந்துக்கும் அடங்காமல் இருப்பது. கட்டியே இல்லாமல் அப்படியும் வரும்.

இதை எழுதும்போது என் கை கூசுகிறது. அந்தக் காலத்தில் காலைப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து வரிசையில் நிற்பவர்களைப் பெஞ்சில் உட்காரவைத்து எத்தனை இமைக்கட்டியை நானே கீறியிருப்பேன்! ஒன்றைக்கூட லேபுக்கு அனுப்பியதில்லை. ஒரு பால்வெட்டுக்கார அம்மாளுக்கு மூன்று தடவை கீறினேன். நாலாவது தடவை காதுக்கு முன்னால் நெறிகட்டி வந்தது. டவுனுக்கு அனுப்பினேன். திரும்பி வரவில்லை. காதுக்கு முன்னால் இருக்கும் அந்த நிணக்கணுவுக்குத்தான் மேல் இமையிலிருந்து முதலில் பரவும் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன்.

கண்ணாடித்தட்டு | செவ்வாய், மதியம் 1:08

நான் நோயியல் லேபில் வேலை செய்பவள். மெழுகில் பதித்த திசுவைச் சீவிக் கண்ணாடித் தட்டில் ஏற்றுவதுதான் என் பிழைப்பு. குடலோடு இதற்கு என்ன சம்பந்தம் என்ற கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

உடம்பில் செல் பிரியும்போதெல்லாம் மரபுக் குறிப்பு முழுவதையும் நகல் எடுக்கிறது. நகலில் எழுத்துப் பிழை வரும். தோட்டத்துக் கணக்கில் செக்ரோலை (வருகைப் பதிவேட்டை) கிராணி சரிபார்ப்பாரே, அதுபோல நகலைச் சரிபார்க்க நாலு புரதங்கள் இருக்கின்றன: எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2. சில குடும்பங்களில் இந்த நாலில் ஒன்றுக்கான மரபணு ஒரு பக்கத்துப் பெற்றோரிடமிருந்து பழுதாகவே வரும். மறுபக்கத்து நல்ல பிரதி இருக்கும்வரை ஓடும். ஏதோ ஒரு செல்லில் அதுவும் கெட்டால் அந்தச் செல்லில் பிழை குவிய ஆரம்பிக்கும். இதற்கு லிஞ்ச் நோய்க்குறி என்று பெயர். குடலிலும் கர்ப்பப்பையிலும்தான் அதிகம் வரும். சூலகம், இரைப்பை, சிறுகுடல், சிறுநீர்க் குழாய் இவற்றிலும் வரலாம். அதே குடும்பங்களில் சிலருக்குத் தோலின் எண்ணெய்ச் சுரப்பியிலும் கட்டி வருகிறது. அந்தச் சேர்க்கைக்கு மியூர்-டோரே என்று பெயர். பெரும்பாலும் எம்.எஸ்.எச்.2 பழுதான குடும்பங்களில்தான் பார்க்கிறோம்.

இப்போது பால்வாளி அண்ணனுக்குப் பிடித்த செய்தி: இமையில் இந்தப் புற்று வருபவர்களில் பெரும்பாலானவர்களுக்கு லிஞ்ச் இருக்காது. தனியாக வந்ததாகத்தான் இருக்கும். சொல்லப்போனால் முதுகு, வயிறு, கை என்று இமைக்கு வெளியே வரும் எண்ணெய்ச் சுரப்பிக் கட்டிக்குத்தான் உள்ளுறுப்புப் புற்றோடு உறவு அதிகம். புற்றில்லாத செபேசியஸ் அடினோமா வந்தாலும் கேள்வி கேட்க வேண்டும், அது அவ்வளவு அபூர்வம். ஆனால் வயதானவர்கள் நெற்றியிலும் கன்னத்திலும் நடுவில் குழியோடு மஞ்சளாகச் சின்னச் சின்னப் பரு வருமே, அது வெறும் சுரப்பி வீக்கம். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதைப் பார்த்துவிட்டு யாரும் ராத்திரி கண்விழிக்க வேண்டாம்.

அப்புறம் ஏன் டாக்டர் குடும்பத்தைக் கேட்டார்? கட்டி மட்டும் இருந்தால் சந்தேகம் குறைவு. கட்டியோடு 46 வயதில் குடல் புற்றில் போன அண்ணனும் இருந்தால் கணக்கே வேறு. அக்கா, டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அந்தத் துண்டில் இந்த நாலு புரதத்துக்கும் சாயம் போட்டுப் பார்த்தார்களா? புதிதாக வெட்ட வேண்டியதில்லை. மெழுகுக் கட்டி லேபில் பத்திரமாக இருக்கும்.

சாலாக் மாமா | செவ்வாய், மாலை 5:51

அத்தை சொன்ன அந்த ஒரு வரியைப் படித்ததும் எனக்கு ஒரு பழைய கதை ஞாபகம் வந்தது.

1895இல் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம் ஆன் ஆர்பர் என்ற ஊரில் ஆல்ட்ரெட் வார்த்தின் என்றொரு நோயியல் டாக்டர். அவருக்குத் தெரிந்த ஒரு தையல்காரப் பெண் முகம் வாடியிருந்ததைப் பார்த்து என்னவென்று கேட்டார். "நான் சீக்கிரம் செத்துவிடுவேன். எங்கள் குடும்பத்தில் எல்லாரும் குடலிலோ வயிற்றிலோ கர்ப்பப்பையிலோ புற்று வந்துதான் சாகிறார்கள்" என்றாள். அப்போது அவள் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தாள். பிற்பாடு அவள் சொன்ன மாதிரியே கர்ப்பப்பைப் புற்றில் போனாள். வார்த்தின் அவள் பேச்சைச் சிரித்து ஒதுக்கவில்லை. வேர்வரை போய் அந்தக் குடும்பத்தையே விசாரித்து 1913இல் எழுதினார். "ஜி குடும்பம்" என்று பெயர். அதற்கப்புறம் அரை நூற்றாண்டு யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1960களில் ஹென்றி லிஞ்ச் என்ற டாக்டர் நெப்ராஸ்காவில் இதேபோல் குடும்பங்களைத் தேடி அலைந்தார். "பரம்பரையாவது புற்றாவது" என்று சொல்லி மானியம்கூட எளிதில் கிடைக்கவில்லை. 1967இல் லண்டனில் மியூர் என்ற அறுவை நிபுணர், மறு வருஷம் நியூயார்க்கில் டோரே என்ற தோல் டாக்டர், ஒருவருக்கொருவர் தெரியாமல் முகத்துக் கட்டியையும் குடல் புற்றையும் ஒரே ஆளிடம் பார்த்து எழுதினார்கள். இதெல்லாம் ஒரே மரத்தின் கிளை என்பது 1993இல் எம்.எஸ்.எச்.2 மரபணு அகப்பட்ட பிறகு உறுதியானது.

நம் தோட்டங்களிலும் அந்தத் தையல்காரியைப் போல எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள். கேட்டு எழுதிக்கொள்ள ஒரு வார்த்தின் இல்லை.

பால்வாளி | செவ்வாய், மாலை 6:30

மாமா வாத்தியார் வேலைய விட்டாலும் வாத்தியார் வேலை மாமாவ விடல.

செம்மண்சாலை | வெள்ளி, இரவு 11:37

எல்லாருக்கும் நன்றி. கண்ணாடித்தட்டு சொன்னதைக் கேட்டேன். சாயம் போட எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கூடவே டாக்டர் ஒரு வீட்டுப்பாடமும் கொடுத்தார்: மூன்று தலைமுறைக்கு யார் யார், எந்த வயதில், எதில் இறந்தார்கள் என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

எழுதுவது சுலபம் என்று நினைத்துத்தான் நேற்று அத்தை வீட்டுக்குப் போனேன். சாமி அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்தார். துருப்பிடித்த மூடி, கரண்டிக்காம்பால் நெம்பித் திறந்தோம். உள்ளே சிவப்பு ஐ.சி. (அடையாள அட்டை) இரண்டு, தாத்தாவின் சம்பளச் சீட்டு, கருமாதிப் பத்திரிகைகள், இறப்புச் சான்றிதழ்கள். காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் மரம் போட ஆரம்பித்தேன்.

பாட்டிக்கு என்ன என்று கேட்டேன். "ஆயாவுக்கு நின்னு போனதுக்கப்புறம் மறுபடி பட்டுச்சு. துணி மேல துணி. யாருகிட்டயும் சொல்லல. சூனியம்னு தாயத்துக் கட்டுனாங்க" என்றார். மாதவிலக்கு நின்ற பிறகு உதிரப்போக்கு. சான்றிதழில் ஒரே சொல்: சாக்கிட் துவா. முதுமை நோய். வயதைப் பார்த்தேன், 57.

அடுத்தது பெரியப்பா. வயிறு ஊதி, சாப்பிட்டதெல்லாம் வாந்தி எடுத்து, லயத்திலேயே இறந்தவர். அவருக்கும் சாக்கிட் துவா. 49 வயதில் முதுமை! வீட்டில் இறந்தால் காவல் நிலையத்தில் போய்ச் சொல்வோம், எப்படி இறந்தார் என்று கேட்பார்கள், "உடம்பு முடியாம இருந்தாரு" என்போம், அவர்கள் எழுதிக் கொடுப்பார்கள். அடக்கம் பண்ண வேண்டிய அவசரத்தில் யார் காரணம் பார்த்தோம்? அப்பா ஒருவர்தான் ஆஸ்பத்திரியில் இறந்தார். அவர் சான்றிதழில் மட்டும்தான் நோயின் பெயர் இருக்கிறது.

அத்தை ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்தக் காலண்டர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாரையும் கொண்டுபோனது ஒன்னுதானா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. டீ போட்டுத் தருகிறேன் என்று எழுந்துவிட்டேன்.

தம்பி ஜொகூரில் இருக்கிறான், வயது 33. போனில் சொன்னேன். "செத்தவங்கள எதுக்குக்கா தோண்டுற?" என்று வைத்துவிட்டான்.

ஊசிநூல் | சனி, காலை 9:12

அக்கா, நான் குடல் உள்நோக்குப் பிரிவில் நர்ஸ். தம்பியின் கோபம் எங்களுக்குப் பழக்கம்தான். ஆண்கள் முக்கால்வாசிப் பேர் முதலில் போனை வைப்பார்கள்.

சில விஷயங்களைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். லிஞ்ச் இருக்கும் ஒருவருடைய பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வர சரிபாதி வாய்ப்பு. ஆணா பெண்ணா என்ற கணக்கே கிடையாது. அப்பா வழியில் வந்ததால் மகளுக்குக் கர்ப்பப்பையில் வராது என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது தப்பு. அப்பாவிடமிருந்து மகளுக்கு வரும், அவளுக்குக் கர்ப்பப்பையில் தெரியும். உங்கள் பாட்டிக்கு நடந்தது உங்களுக்கு அசாதாரணமாக உதிரம் பட்டால் அன்றைக்கே டாக்டரிடம் போகவேண்டிய எச்சரிக்கை.

ரத்தப் பரிசோதனை முதலில் அத்தைக்குத்தான் செய்ய வேண்டும். நோய் வந்தவரிடம் பழுது எங்கே என்று கண்டுபிடித்துவிட்டால், மற்றவர்களுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும், இருக்கிறது இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிடுவார்கள். "இல்லை" என்று வந்தவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் இந்தக் கவலையே கிடையாது. இந்தப் பக்கத்தை யாரும் பேசுவதில்லை. தம்பியிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

அரசாங்கக் கிளினிக்கில் மலத்தில் மறைந்த ரத்தம் பார்க்கும் சோதனை இருக்கிறது. 50 வயதுக்கு மேற்பட்ட சாதாரண ஆட்களுக்கு நல்ல ஏற்பாடு. உங்கள் மாதிரிக் குடும்பத்துக்கு அது போதாது. எம்.எஸ்.எச்.2, எம்.எல்.எச்.1 குடும்பங்களில் 20, 25 வயதிலேயே கொலொனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது) ஆரம்பித்து ஒன்று இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கச் சொல்வார்கள். அதற்குக் காரணம், இவர்களுக்குக் குடல் சுவரில் முளைக்கும் சின்னக் கொழுந்து (பாலிப்) புற்றாக மாற மற்றவர்களைப் போல் பத்து வருஷம் எடுக்காது. வலது பக்கக் குடலில்தான் அதிகம் வரும், அதனால் பாதியோடு நிற்கிற குழாய்ப் பரிசோதனை பிரயோசனமில்லை, கடைசிவரை போக வேண்டும்.

ஆஸ்பிரின் பற்றி யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். லிஞ்ச் உள்ளவர்களுக்குத் தினம் 600 மில்லிகிராம் கொடுத்துச் செய்த ஆய்வின் பத்து வருஷக் கணக்கு 2020இல் வந்தது. குடல் புற்று நன்றாகவே குறைந்திருந்தது. உண்மைதான். ஆனால் கடையில் வாங்கித் தானாகப் போட ஆரம்பிக்காதீர்கள். வயிற்றுப்புண் ஒரு பக்கம், நம் ஊர் டெங்கி இன்னொரு பக்கம். டெங்கிக் காய்ச்சலில் ஆஸ்பிரின் போட்டால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

பால்வாளி | சனி, இரவு 8:03

டிரெஸ்ஸர் ஐயா, ஒன்னு கேக்கணும். வருஷத்துக்கு ரெண்டு தடவ வருதுன்னு சொன்னேன்ல. இன்னிக்கு நாலு தடவ கண்ணாடில பாத்துட்டேன். வலது கண்ணு, மேல் இமை. வலிக்கல. எப்பவும் அதே எடம்தான்னு தோணுது. முடி இருக்கு.

பழைய டிரெஸ்ஸர் | சனி, இரவு 8:20

வயது என்ன? வீட்டில் யாருக்காவது குடல், கர்ப்பப்பை?

பால்வாளி | சனி, இரவு 8:26

41. அப்பா அம்மா ரெண்டு பேரும் உசுரோட கல்லு மாதிரி இருக்காங்க. ஆனா ஒரு நாள் வேலைக்குப் போகலன்னா குலைக் கணக்கு போச்சுங்கய்யா. பெரிய பொண்ணுக்கு வேற ஸ்கூல் பீஸ் கட்டணும்.

பழைய டிரெஸ்ஸர் | சனி, இரவு 8:41

முடி இருக்கிறது, வீட்டில் ஒருவருக்கும் இல்லை, நல்லது. ஆனாலும் அதே இடம் என்றால் போ. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டிப் பதிந்து, நிபுணரிடம் அனுப்பும் ருஜுகான் கடிதம் எழுதித் தரச் சொல்லு. நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளிக்கு மேல் ஆகாது, நீ சொன்ன ஆயிரம் ரெண்டாயிரம் எல்லாம் அங்கே கிடையாது. எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) வாங்கிக்கொள். கீறினால் எடுத்ததை லேபுக்கு அனுப்பச் சொல்லிக் கேள். "எதுக்கு?" என்றால், "திரும்பத் திரும்ப வருது டாக்டர்" என்று மட்டும் சொல். வேறு ஒன்றும் பேச வேண்டாம், மியூர்-டோரே என்றெல்லாம் ஆரம்பித்தால் கூகுள் பார்த்துவிட்டு வந்திருக்கிறான் என்று முகத்தைச் சுளிப்பார்கள்.

செம்மண்சாலை | நாலு வாரம் கழித்து

மன்னிக்கவும், எழுத நேரமில்லை. அத்தைக்கு அறுவை முடிந்தது. மேல் இமையில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டார்கள். கண்ணின் வெள்ளைப் பகுதியைச் சுற்றியும் சின்னச் சின்னத் துண்டுகளாக ஏழெட்டு இடத்தில் எடுத்துப் பார்த்தார்கள். இந்தப் புற்று தொடர்ச்சியாகப் பரவாமல் தவளை மாதிரித் தாவித் தாவி உட்காருமாம். எல்லாம் சுத்தம் என்று வந்தது. காதுக்கு முன்னால் ஸ்கேன் எடுத்தார்கள், அங்கேயும் ஒன்றுமில்லை.

காணாமல்போன மேல் இமையைக் கட்ட, கீழ் இமையிலிருந்து ஒரு பட்டையை மேலே இழுத்துத் தைத்திருக்கிறார்கள். அது ஒட்டி ரத்த ஓட்டம் பிடிக்கும்வரை ஆறு வாரம் கண் மூடியேதான் இருக்க வேண்டும். அத்தை ஒற்றைக் கண்ணோடு சமைக்கிறார். தாளிக்கும்போது தூரம் சரியாகத் தெரியாமல் கடுகை அடுப்பில் போடுகிறார். திட்டினால், "ஒரு கண்ணுலயே உன் அழகு தாங்கல" என்கிறார்.

சாயப் பரிசோதனையும் வந்தது. எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2 இருக்கிறது. எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 இரண்டும் இல்லை. இரண்டு போய்விட்டதே, இரட்டிப்பு ஆபத்தா?

கண்ணாடித்தட்டு | அதே நாள், இரவு

இல்லை அக்கா. அவை சோடி. எம்.எஸ்.எச்.2 போனால் பிடிமானம் இல்லாமல் எம்.எஸ்.எச்.6 தானாகச் சிதைந்துவிடும், அதனால் தட்டில் இரண்டுமே தெரியாது. கோளாறு பெரும்பாலும் ஒன்றில்தான். தட்டைப் பார்த்தால் உங்களுக்கே புரியும்: புரதம் இருக்கும் செல்லின் கரு பழுப்பாக இருக்கும், இல்லாதது நீலமாக நிற்கும். பக்கத்தில் உள்ள சாதாரணச் செல்லெல்லாம் பழுப்பு, கட்டி மட்டும் நீலத் திட்டு.

ஆனால் இது இன்னும் தீர்ப்பு இல்லை. கட்டிக்குள் மட்டும் தற்செயலாகவும் இப்படிப் போவதுண்டு. பரம்பரையா என்பதை ரத்தம்தான் சொல்லும்.

செம்மண்சாலை | அதே நாள், இரவு

ரத்தம் கோலாலம்பூருக்குப் போயிருக்கிறது. மாதக்கணக்கில் ஆகலாம் என்றார்கள். காலண்டர் தாளைப் பார்த்துவிட்டு, அதற்குக் காத்திருக்காமல் எனக்குக் கொலொனோஸ்கோபி நாள் கொடுத்துவிட்டார்கள்.

பால்வாளி | ஆறாவது வாரம்

ஐயா, லேப் முடிவு வந்துச்சு. வெறும் கலேசியன்தான். சும்மா எண்ணெய் அடைச்சிருக்குன்னு சொல்லிட்டாங்க. டாக்டரம்மா தெனம் வெந்நீர் ஒத்தடம் குடுக்கச் சொன்னாங்க. மூணு மாசம் ஒழுங்கா செய்யலன்னா திரும்ப வருமாம், வந்தா திரும்ப வரணுமாம். ரெண்டு நாள் வேலை போச்சு. வீட்டுக்காரி மட்டும், "நாலு வருஷமா நான் சொன்னேன் கேட்டியா?"ன்னு ஒத்தடம் குடுக்கிற துணியவே மூஞ்சில விட்டெறிஞ்சா.

பழைய டிரெஸ்ஸர் | ஆறாவது வாரம்

நல்ல செய்தி. துணி ஆறுவதற்குள் எடுத்து வை.

செம்மண்சாலை | எட்டாவது வாரம்

இரண்டு செய்தி.

அத்தையின் கண்ணைத் திறந்தார்கள். புது இமையில் முடி கிடையாது, கொஞ்சம் தடிப்பாக, இன்னும் சிவப்பாக இருக்கிறது. ஆனால் மூடுகிறது, திறக்கிறது. டாக்டர் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார். அத்தை விரலைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "ஏன்டி இப்படி இளைச்சிட்ட?" என்றார். இளைக்காமல் என்ன செய்வேன், அதற்கு முந்தின வாரம்தான் எனக்குக் குழாய் விட்டார்கள்.

அது இரண்டாவது செய்தி. வலது பக்கம், பெருங்குடல் தொடங்கும் இடத்துக்குக் கிட்ட, 8 மில்லிமீட்டரில் ஒரு கொழுந்து. அங்கேயே கம்பி வளையம் போட்டு அறுத்து எடுத்துவிட்டார்கள். அடினோமா, புற்று இல்லை. திரையில் நானே பார்த்தேன். அவரைக்காய் விதை மாதிரி இளஞ்சிவப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு இது எந்த வயதில் இப்படி இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் அப்போது ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்திருப்பேன்.

கர்ப்பப்பை உட்சுவரிலும் துண்டு எடுத்தார்கள், சாதாரணம். அடுத்த வருஷம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

படத்தைத் தம்பிக்கு அனுப்பினேன். நாலு நாள் நீலக் கோடு இரண்டும் நின்றது, பதில் இல்லை. நேற்று ராத்திரி பதினோரு மணிக்குப் போன் செய்தான். நலமா என்றுகூடக் கேட்கவில்லை. "அக்கா, வயித்தக் கழுவ அந்தத் தூளு குடுப்பாங்களாமே, மூணு லிட்டரு. அதை ஐஸ் போட்டுக் குடிக்கலாமா?" என்றான்.

தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஊசிநூல், குடிக்கலாமா?

ஊசிநூல் | எட்டாவது வாரம்

குடிக்கலாம். சில்லென்று இருந்தால் சீக்கிரம் இறங்கும். ரோஸ் சிரப் மட்டும் கலக்க வேண்டாமென்று சொல்லுங்கள். உள்ளே சிவப்பாகத் தெரிந்தால் ரத்தமா சிரப்பா என்று எங்களுக்குக் குழப்பம்.